‘இன்று பாதை ஓடாது’ என்று சொல்வது யார்?

2024 நவம்பர் 23ஆம் திகதியோடு கிண்ணியா குறிஞ்சாக்கேணி படகுப்பாதை அனர்த்தத்திற்கு மூன்று வருடங்கள் நிறைவடைந்தன. வழமை போல் துஆப் பிரார்த்தனைகள் நடந்தன, முகநூலில் பழைய படங்கள் பகிரப்பட்டன. மூன்றே நாட்கள்தான் கழிந்தன. 26ஆம் திகதி, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மழை கடுமையாகிறது என்று விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஜனாஸாக்களைத் தேடி எடுக்கவே பல நாட்கள் சென்றன. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒன்று படகு, மற்றையது உழவு இயந்திரம். ஒன்று திருகோணமலை மாவட்டம், மற்றையது அம்பாறை மாவட்டம். ஆனால் இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். வீதி தண்ணீரில் முடிகின்ற ஓர் இடத்தில், பிள்ளைகளை அக்கரை சேர்க்கும் வேலை, கையில் ஒரு வாகனம் வைத்திருந்தவரிடம் விடப்பட்டது. ‘இப்போது கடக்கக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரத்தோடு அங்கு எவரும் நிற்கவில்லை. மாவடிப்பள்ளியைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். நான் அதை நமது மாகாணத்தின் படகுப்பாதைகளின் கதையோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

பாதை என்று நாம் சொன்னது

கிழக்கிலும் யாழ்ப்பாணத் தீவகத்திலும் ‘பாதை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எல்லோரும் அறிந்த வழி. மற்றையது, ஆற்றையோ களப்பையோ கடந்து ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவை. படகுகளின் மேல் பலகைத் தளம் போட்டு, இரு கரைக்கும் இடையே கட்டிய வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பின்னாளில் இயந்திரம் வந்தது. ‘பாதை வந்திட்டுதா?’, ‘பாதை அங்கால நிக்குது’ என்றுதான் எமது பெரியவர்கள் பேசினார்கள். கரையில் முடிகிற வீதியும், தண்ணீரில் நகர்கிற மிதவையும் அவர்களுக்கு ஒரே வழியின் இரண்டு துண்டுகள். இந்தக் கட்டுரையின் வாதமும் கிட்டத்தட்ட அதுதான்.

திருகோணமலையிலிருந்து மூதூர் ஊடாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதியை இன்றைய இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் நிற்காமல் கடந்து விடுகிறார்கள். ஒரு காலத்தில் அது பாதைகளால் தைத்துக் கோர்த்த வீதி. கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று, மூதூருக்கும் அப்பால் வெருகலில் ஒன்று. மகாவலி கடலில் கலக்கும் இடம் அது. கிளை ஆறுகளும் களப்புகளும் ஊர்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தன. கிண்ணியா ஒரு தீவு அல்ல. ஆனாலும் நகரத்துக்குப் போக வேண்டிய ஒருவருக்கு அது தீவாகத்தான் இருந்தது.

சிறு வயதில் வாப்பாவோடு கிண்ணியாத் துறையடியில் நின்ற ஞாபகம் எனக்கு இருக்கிறது. பஸ் பாதையில் ஏறுவதற்கு முன் எல்லோரும் இறங்க வேண்டும். பஸ் நடுவில் நிற்கும், ஆட்கள் இரு பக்கமும் நிற்பார்கள். இறங்கும் முனையில் ஒரு சங்கிலி. பாதைக்காரர் எண்ணிப் பார்ப்பார். பாரம் கூடினால், ‘தம்பி, பின்னுக்கு எடுங்க, அடுத்த நடையில வாங்க’ என்பார். லொறிக்காரர் முணுமுணுப்பார். ஆனால் பின்னுக்கு எடுப்பார். அந்தப் பாதைக்காரர் பெரிய அதிகாரி அல்ல. ஆனாலும் அவர் சொன்னால் கேட்டார்கள். அவருக்குப் பின்னால் ஒரு திணைக்களம் இருந்ததும், அவர் தனது வருமானத்துக்காக ஆள் ஏற்றுபவர் அல்லர் என்பதும் அதற்குக் காரணங்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. இருட்டிய பின் பாதை கிடைப்பது அரிது. யுத்த காலத்தில் இன்னும் மோசம். பிரசவ வலியோடு துறையடியில் காத்திருந்த தாய்மாரின் கதை கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு உண்டு. 2004 சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே அழித்தபோது, ஒரு ஊரை வெளி உலகத்தோடு இணைக்கத் தண்ணீரில் மிதக்கும் தளம் மட்டும் போதாது என்பதை எல்லோரும் கண்டார்கள்.

எனவே பாலம் வந்தபோது ஊர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. அன்று அது இலங்கையின் மிக நீளமான பாலம். அதைத் தொடர்ந்து பிரான்ஸின் நிதியுதவியோடு அதே வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. தெற்கே, ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கமிருந்து படுவான்கரைக்கு வியாபாரத்துக்குப் போனவர்கள் மண்முனைப் பாதையை நம்பித்தான் இருந்தார்கள். கிழக்கின் பாதைக் காலம் முடிந்துவிட்டது என்றே நாம் எண்ணினோம்.

முடியவில்லை. மட்டக்களப்புக் களப்பில் குருமண்வெளி – மண்டூர், குருக்கள்மடம் – அம்பிளாந்துறை துறைகளில் இன்றும் பாதைதான் ஓடுகிறது. சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்குப் படகில்தான் ஆசிரியர்கள் பாடசாலை செல்கிறார்கள். பெரிய வீதிகளில் பாலம் வந்துவிட்டதால், சிறிய துறைகள் நாட்டின் கண்ணிலிருந்து மறைந்தன. அவ்வளவுதான்.

குறிஞ்சாக்கேணியில் உண்மையில் என்ன தவறியது?

குறிஞ்சாக்கேணியின் சோகம், பாலம் இல்லாததால் வந்ததல்ல. பாலம் கட்டத் தொடங்கியதால் வந்தது. இதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

அங்கு ஒரு பழைய பாலம் இருந்தது. புதிய பாலத்திற்கான வேலை 2021இல் ஆரம்பமானபோது மக்கள் வழமையாகக் கடந்த வழி அடைபட்டது. சுற்றிப் போகலாம். ஆனால் காலையில் பாடசாலைக்கும் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போகிறவர்களுக்கு அந்தச் சுற்று, நேரமும் பணமும் ஆகும். ஆகவே தனியார் ஒரு மிதவையை ஓட்டத் தொடங்கினார்கள். மக்களும் ஏறினார்கள். குற்றம் சொல்ல முடியுமா? கோடிக்கணக்கில் செலவிட்டுப் பாலம் கட்டும் திட்டத்தில், அந்தப் பாலம் கட்டி முடியும் வரை பிள்ளைகள் எப்படி அக்கரை போவார்கள் என்ற கேள்விக்கு உரிய விடை இருக்கவில்லை.

நவம்பர் 23 காலை. கொவிட் முடக்கத்திற்குப் பின்னர் பாடசாலைகள் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டுக்கொண்டிருந்த வாரங்கள். பல மாதங்கள் வீட்டிலிருந்த பிள்ளைகள் சீருடை அணிந்து புறப்பட்டிருந்தார்கள். பாடசாலை தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன் மிதவை கவிழ்ந்தது. அன்றே ஆறு ஜனாஸாக்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். பின்னர் வைத்தியசாலையிலும் உயிர்கள் பிரிந்தன.

அதன் பின் நடந்தவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஊர் கொதித்தது. பாராளுமன்ற உறுப்பினரின் வீடு தாக்கப்பட்டது. அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி பாராளுமன்றம் வரை போனது. ஒரு நிறுவனம் இன்னொன்றைக் காட்டியது. படகை இயக்கியவர்களும் உள்ளூராட்சி மன்றத்தின் தலைவரும் கைது செய்யப்பட்டார்கள்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் நாம் திரும்பத் திரும்ப நினைவுபடுத்த வேண்டும். சில நாட்களுக்குள் கடற்படை அந்த இடத்துக்கு வந்தது. இறங்குதுறை அமைத்தது. உயிர்காப்பு அங்கி அணிவித்து, எண்ணி ஏற்றி, மக்களை அக்கரை சேர்த்தது. மேலதிக பஸ்களும் ஓடின. அதாவது, பாதுகாப்பான ஒரு மாற்றுச் சேவை அந்த இடத்தில் முடியாத காரியமாக இருக்கவில்லை. அதற்கான படகும் ஆளும் அங்கியும் திருகோணமலை மாவட்டத்திலேயே இருந்தன. நவம்பர் 22ஆம் திகதி அவற்றை அனுப்பும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. 23ஆம் திகதிக்குப் பின் எல்லோருக்கும் இருந்தது.

பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி நாட்டின் நிர்மாண வேலைகளை முடக்கியது. குறிஞ்சாக்கேணிப் பாலம் 2024 நவம்பர் வரை பூர்த்தியாகவில்லை.

கடலில் ஒரு சட்டம், களப்பில் வேறொன்றா?

இதே காலத்தில் இன்னொரு கப்பற்சேவை பற்றி நாடு நிறையப் பேசியது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பற்சேவை ஆரம்பமானது. ‘செரியபாணி’ என்ற கப்பல் சில நாட்கள் ஓடியது. வடகீழ் பருவக்காற்று வருகிறது என்பதால் அதே மாதம் 20ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. மீண்டும் 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி ‘சிவகங்கை’ கப்பலோடு தொடங்கியது. பருவமழை வந்ததும் திரும்பவும் இடைநிறுத்தம்.

எமது சமூகத்துக்கும் இந்தக் கடல்வழிக்கும் பழைய உறவு உண்டு. 1914இல் ஆரம்பமான தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலில் வியாபாரிகள் போய் வந்தார்கள். நாகூர் தர்ஹாவுக்கு நேர்ச்சை வைத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின் அந்தச் சேவை இராமேஸ்வரத்திலிருந்து நடந்தது. எண்பதுகளின் யுத்தத்தோடு நின்று போனது. 2011இல் கொழும்பு – தூத்துக்குடி இடையே பெரிய கப்பல் ஒன்று விடப்பட்டு, சில மாதங்களில் அதுவும் நின்றது. ஆகவே இப்போதைய கப்பல் அடிக்கடி நிறுத்தப்படும்போது, ‘இதுவும் அப்படித்தான்’ என்று கேலி செய்யும் பதிவுகளைக் காண்கிறோம்.

நான் அந்த நிறுத்தத்தை வேறு விதமாகப் பார்க்கிறேன். கடல் கொந்தளிக்கும் மாதத்தில் ‘கப்பல் இன்று போகாது’ என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொன்னால் கப்பல் நிற்கிறது. பயணச்சீட்டு வாங்கியவர் கோபப்படுகிறார், ஆனால் வீட்டில் உயிரோடு இருக்கிறார். பயணிகளின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கை இருக்கிறது. உரிமம் பார்க்க ஓர் அதிகாரி இருக்கிறார். நிறுத்தத் தெரிந்ததையே நான் ஒரு சேவை என்று ஏற்றுக்கொள்வேன். நிறுத்தத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருப்பது, என்றோ ஒரு நாள் தானாக நிற்கும்.

அதே பருவமழை, அதே நவம்பர். காங்கேசன்துறையில் கப்பல் நிற்கிறது. களப்பிலும் ஆற்றிலும் வெள்ளம் மூடிய வீதியிலும் மக்கள் கடந்துகொண்டே இருக்கிறார்கள். ஓட்டுபவர்தான் முடிவெடுக்கிறார். அவருக்கு அன்றைய கூலி வேண்டும். ஏறுபவருக்கு அக்கரை போக வேண்டும். இருவரும் ‘நில்’ என்று சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய மூன்றாமவர் அங்கே இல்லை.

பொறுப்பு ஏன் தண்ணீரில் கரைகிறது?

இலங்கையில் வீதிகளுக்கு உரிமையாளர் உண்டு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண சபைக்கு. உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ. காகிதத்தில் இது தெளிவு. வீதி தண்ணீரைத் தொடும் இடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கரை ஒருவருடையது, தண்ணீர் இன்னொருவருடையது, படகு தனியாருடையது, அனுமதி வேறொருவரிடம். வெள்ளம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பிரதேச செயலாளரும் பொலிஸும் சேர்ந்துகொள்கிறார்கள். இத்தனை பேர் இருப்பதால் யாரும் இல்லை என்றாகி விடுகிறது.

2024இல் இன்னொரு வெற்றிடமும் இருந்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் இல்லை. உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்தன. 2024இலும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கவில்லை. ஒரு துறைக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு சபைகளிலும் அப்போது மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர் கூட இருக்கவில்லை. ‘எங்கள் துறையில் மிதவை ஆடுகிறது, வந்து பாருங்கள்’ என்று ஒரு தாய் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

இதற்கு மாறான உதாரணம் நாட்டுக்குள்ளேயே உண்டு. யாழ்ப்பாணத்தில் காரைநகரையும் ஊர்காவற்றுறையையும் இணைக்கும் பாதையையும், நெடுந்தீவுக்குப் போகும் ‘குமுதினி’ படகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையே இயக்கி வருகிறது. அவை அடிக்கடி பழுதாகின்றன என்ற முறைப்பாடு தீவக மக்களிடம் நெடுநாளாக உண்டு. அந்த மக்களின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பழுதானால் யாரிடம் போய் முறையிடுவது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. படகு வீதியின் ஒரு துண்டு என்று அங்கே அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிழக்கின் சிறிய துறைகளில் அதை ஏற்றுக்கொள்ள ஏன் முடியாது?

உரிமையாளர் இல்லாத இடத்தில் அனர்த்தம் நடந்தால், சட்டம் தேடிப் பிடிப்பது கடைசிக் கண்ணியைத்தான். குறிஞ்சாக்கேணியில் படகை இயக்கியவர்கள். மாவடிப்பள்ளியில் மத்ரஸாவோடு தொடர்புடையவர்கள். அவர்களிடம் தவறு இருந்தால் நீதிமன்றம் பார்க்கட்டும். அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அத்தோடு விடயம் முடிந்தது என்று நாம் நிம்மதியடைந்தால், அடுத்த நவம்பருக்கும் ஜனாஸாக் குழி வெட்ட வேண்டி வரும்.

நாமும் பதில் சொல்ல வேண்டியவர்கள்

அரசை மட்டும் குறை சொல்லி எழுதுவது இலகு. நான் இருபது வருடத்துக்கு மேல் பாடசாலையில் இருப்பவன். ஆகவே எமது பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

படகுப்பாதைகளில் ஆட்கள் குவிவது எப்போது? காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். ஏன்? ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கிறது. ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் நேரம் கடந்ததும் சிவப்புக் கோடு விழுகிறது. கோட்டுக்குக் கீழே கையொப்பமிட யாருக்கும் விருப்பமில்லை. பிந்தி வரும் மாணவர்கள் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். நானும் நிறுத்தியிருக்கிறேன். ‘பாதை பிந்திட்டுது சேர்’ என்று ஒரு பிள்ளை சொன்னபோது, ‘அப்ப நேரத்தோட புறப்படணும்’ என்று சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் நேர முகாமைத்துவம் படித்து வந்த புதிதில் அது கட்டுப்பாடு என்று எனக்குப் பட்டது. அந்தப் பிள்ளை மறுநாள் என்ன செய்திருக்கும்? நிரம்பிய மிதவையிலும் இடித்துக்கொண்டு ஏறியிருக்கும். 2021க்குப் பிறகு இந்த நினைவு என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த நடையில் வர அனுமதிக்காத பாடசாலை, பாரத்தைக் கூட்டுவதில் பங்காளி. கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடத் தெரிந்த நமக்கு, துறையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் கடக்கக் கூடாது என்று ஒரு சிவப்புக் கோடு போடத் தெரியவில்லை.

வெள்ள நாட்களிலும் இதே கதை. பாடசாலையை மூடுவதா இல்லையா என்று அதிபர் வலயக் கல்விப் பணிமனையைப் பார்க்கிறார். வலயம் மாகாணத்தைப் பார்க்கிறது. 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே வெள்ளம் வந்தது. 27ஆம் திகதி பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் 25, 26ஆம் திகதிகளில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தும் இயந்திரத்தில் ஏறியும் பரீட்சை நிலையத்துக்கு வந்த பிள்ளைகள் கிழக்கில் உண்டு. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் மத்ரஸாவும் பாடசாலையும், அவர்கள் எந்த வழியால் போவார்கள், அந்த வழி திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்த பின்னர்தான் அனுப்ப வேண்டும். சில வேளைகளில் விடுதியில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், வெள்ளத்தில் மூழ்கியவர் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுகிறார்’ என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அந்த ஆறுதல் வேண்டும். அது உண்மையும் கூட. ஆனால் அதே மார்க்கம்தான் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்னது. கத்ரை நம்புவது, கட்டாமல் விட்ட கயிற்றுக்கு மன்னிப்புக் கடிதம் அல்ல.

செய்யக்கூடியவை

2024இல் நாட்டுக்குப் புதிய ஜனாதிபதியும் புதிய பாராளுமன்றமும் கிடைத்தன. ‘முறைமை மாற்றம்’ என்ற சொல்லுக்கு வாக்களித்தவர்கள் கிழக்கிலும் ஏராளம். அந்த மாற்றத்தை அளந்து பார்க்க ஒரு படகுத்துறை போதும்.

முதலாவது, எந்தப் பாலத்தைக் கட்டினாலும் திருத்தினாலும், வேலை முடியும் வரைக்குமான தற்காலிகக் கடவை அந்த ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மாற்றுவழி இயங்கத் தொடங்கிய பின்னரே பழைய பாலத்தை மூட வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

இரண்டாவது, ஒவ்வொரு துறைக்கும் ஒரே ஒரு உரிமையாளர் வேண்டும். துறையில் ஒரு பலகை நடப்பட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம், எந்த நேரம் ஓடும், பொறுப்பான அதிகாரியின் பதவியும் தொலைபேசி இலக்கமும் எவை என்பன அதில் எழுதப்பட வேண்டும். தனியார் ஓட்டினாலும் பரவாயில்லை. ஆனால் ஏறும் ஒவ்வொரு தலைக்கும் காசு என்றில்லாமல், நாளுக்கு அல்லது நடைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தால், ஆளைத் திணிக்க அவருக்குக் காரணம் இருக்காது.

மூன்றாவது, நீர்மட்டக் கம்பம். துறையிலும், வருடா வருடம் வெள்ளம் மூடும் மாவடிப்பள்ளி போன்ற வீதிகளிலும் ஒரு கம்பம் நட்டு, சிவப்புக் கோடு இட வேண்டும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வழி மூடப்படும், பொலிஸோ இராணுவமோ அங்கே நிற்கும், கடற்படைப் படகு ஆயத்தமாக இருக்கும். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் அந்தப் படகு. மற்றவர்கள் காத்திருக்கட்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வருமானம் போகும் என்பது உண்மைதான். அந்த நாட்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கப் பள்ளிவாசல்களும் ஸகாத் நிதியங்களும் முன்வரலாம். வெள்ளத்தின் பின் பொதி கொடுக்கிறோம். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்தால் ஒருவர் வெள்ளத்தில் இறங்காமல் இருக்கலாம்.

நான்காவது எமது கையில் இருப்பது. துறையைக் கடந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நேரத்தில் சலுகை கொடுக்கட்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் உயிர்காப்பு அங்கிகள் வாங்கி வைக்கட்டும். தண்ணீரால் சூழப்பட்ட ஊர்களில் பிறந்த எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? பெண் பிள்ளைகளில்? ஒழுக்கம் பேணி அவர்களுக்கென ஒதுக்கமான இடத்தில், பெண் பயிற்றுநர்களைக் கொண்டு கற்பிப்பது பற்றி உலமாக்களும் ஆசிரியர்களும் இருந்து பேச வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸா அறிவித்தலுக்கு மட்டும் உரியதல்ல. ‘இன்று இந்த வழியால் போக வேண்டாம்’ என்று சுபஹ் தொழுகைக்குப் பின் ஒரு அறிவித்தல், அது எத்தனை வீடுகளைச் சென்றடையும்!

கிண்ணியாத் துறையடியில் சங்கிலியைப் போட்டு, ‘அடுத்த நடையில வாங்க’ என்று சொன்ன அந்தப் பாதைக்காரர் இன்று உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. அவர் திருப்பி அனுப்பிய நாட்களில் நாங்கள் எல்லோரும் அவரை ஏசியிருக்கிறோம். அடுத்த நடையில் வந்து அக்கரை சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். குறிஞ்சாக்கேணிப் பாலம் விரைவில் முடிய வேண்டும், மாவடிப்பள்ளி வீதி உயர வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். ஆனால் பாலம் முடியும் வரைக்கும், வீதி உயரும் வரைக்கும், இன்னும் எத்தனையோ பருவமழைகள் இருக்கின்றன. அந்த மழை நாட்களில் ஒவ்வொரு துறையிலும் சங்கிலி போட ஒருவர் வேண்டும்.

மரணித்த எமது பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. அவர்களது பெற்றோருக்குப் பொறுமையைக் கொடுப்பானாக. உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் காக்கும் அமானிதத்தை நிறைவேற்ற எமக்கும் தௌபீக் செய்வானாக.